ஸ்மோஷ் இரட்டையர் பிரிந்து சேர்ந்த கதையும் யாழ்ப்பாணத்துப் பகிடிச் சேனல்களும்

வேலியோர ஓணான் (கொக்குவில்)

யாழ்ப்பாணத்தில் பகிடிச் சேனல் இல்லாத ஒழுங்கை இப்போது அரிது. இரண்டு பொடியன்கள், ஒரு கைத்தொலைபேசி, பெண் வேடத்துக்கு அம்மாவின் பழைய சோட்டி ஒன்று. தொடங்கிவிடுகிறார்கள். ஆண்டு திரும்புவதற்குள் பல சேனல்கள் படுத்தும் விடுகின்றன. "சரக்குத் தீர்ந்துவிட்டது" என்று ஊர் சொல்கிறது. சரக்கு மூட்டையாகக் கிடக்கவே படுத்த சேனல்களையும் நான் பார்த்திருக்கிறேன். பெயர் யாருடையது, கடைசி முடிவு யாருடையது என்பதை இருவரும் வாய்விட்டுக் கதைக்காமல் விட்டதுதான் அங்கே வினையாக முடிந்தது.

இதைப் பற்றி விவாதிக்க, ஸ்மோஷ் என்ற அமெரிக்க யூரியூப் பகிடிச் சேனலைத் தொடங்கிய இரட்டையரின் கதை நல்ல ஆதாரம். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் சக்ரமெண்டோ பக்கத்துப் பள்ளித் தோழர்கள் அந்தனி படில்லாவும் இயன் ஹெக்கொக்ஸும். இருவரும் 1987இல் பிறந்தவர்கள். 2002இல் அந்தனி ஸ்மோஷ் என்ற பெயரில் ஓர் இணையத்தளம் நடத்தத் தொடங்கினார், இயன் கூடச் சேர்ந்தார். யூரியூப் பிறந்த 2005ஆம் ஆண்டின் நவம்பரிலேயே இருவரும் அதில் ஏறிவிட்டார்கள். போக்கிமொன் தொடரின் ஆரம்பப் பாட்டுக்கு வாயசைத்துத் துள்ளிக் குதித்த காணொளி ஒன்றுதான் அவர்களை உலகத்துக்குக் காட்டியது. ஒரு காலத்தில் யூரியூப்பிலேயே அதிகம் பார்க்கப்பட்ட காணொளி அது, 2 கோடியே 40 இலட்சம் தடவைக்கு மேல் ஓடியது. 2007இல் பதிப்புரிமை முறைப்பாடு வந்து அகற்றப்பட்டது. இன்றைக்குச் சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டி ஓடுகிற நம் பொடியன்கள் அந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஸ்மோஷ் தப்பியதற்குக் காரணம், பாட்டுப் போவதற்குள் அவர்கள் சொந்தமாகக் காட்சி எழுதப் பழகியிருந்தார்கள். 2006, 2007, 2013 என்று மூன்று வெவ்வேறு காலங்களில் உலகிலேயே அதிகச் சந்தாதாரர் கொண்ட சேனலாக ஸ்மோஷ் இருந்தது.

நடுவில் 2011இல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அலாய் டிஜிட்டல் என்ற கம்பனிக்கு ஸ்மோஷை விற்றார்கள். அப்போது இருவருக்கும் 23 வயதுதான். அந்தக் கம்பனி 2013இல் இன்னொன்றோடு இணைந்து டிஃபை மீடியா ஆனது. விற்றதற்குக் கையில் காசு வரவில்லை, கம்பனியின் பங்குதான் கிடைத்தது என்று அந்தனி பின்னாளில் சொன்னார். நடிகர் கூட்டம் பெருகியது, விளையாட்டுக்கென்று தனிச் சேனல் வந்தது, 2015இல் திரைப்படமும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வளர்ச்சி. உள்ளே, இருவர் உட்கார்ந்து எழுதிய மேசையைச் சுற்றிக் கதிரைகள் கூடிவிட்டன. 2017 ஜூனில் அந்தனி விலகினார். தான் விரும்பியதைச் செய்யும் சுதந்திரம் அங்கே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெயரும் சேனலும் கம்பனியிடம், இயனும் கம்பனியிடம். அந்தனி தன் பெயரில் தனியாகத் தொடங்கினார்.

2018 நவம்பரில் டிஃபை மீடியா திடீரென்று கதவை மூடியது. மூடிய கம்பனியின் பங்கை வைத்து என்ன செய்வது? 2019 பெப்ரவரியில் ஸ்மோஷை மிதிக்கல் என்ற நிறுவனம் வாங்கியது. அதை நடத்துகிறவர்களும் ஓர் இரட்டையர்தான். ரெட், லிங்க் என்ற அந்த இருவரும் வட கரோலினாவில் 1984இல் முதலாம் வகுப்பில் சந்தித்து இன்றுவரை பிரியாமல் இருப்பவர்கள். பிறகு 2023 ஜூனில் அந்தனியும் இயனும் சேர்ந்து பெரும்பான்மைப் பங்கைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இருவரும் பழையபடி சேர்ந்து நடிக்கிறார்கள்.

விற்றது பிழை என்று நான் சொல்லவில்லை. 23 வயதில் யார் என்றாலும் விற்பார்கள். பெயரை விற்கும்போது, எழுதும் மேசையில் கடைசி வார்த்தை தங்களுடையது என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.


மறுத்தான் (சுன்னாகம்)

கலிபோர்னியாக் கதையை வைத்துக்கொண்டு நமக்குப் பாடம் எடுக்கிறீர்கள். கிட்டத்தில் பாருங்கள். கோபியும் சுதாகரும் மெட்ராஸ் சென்ட்ரல் என்ற சேனலில் பெயர் எடுத்தார்கள். வெளியே வந்து 'பரிதாபங்கள்' என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். முகம் இருந்தால் போதும், சேனல் தானாக வரும். பெயராவது, மேசையாவது.


வேலியோர ஓணான் (கொக்குவில்)

மறுத்தான் அண்ணை, நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அவர்கள் இருவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். இரண்டு முகமும் ஒரே படலையால் வெளியேறினால் வீடு வெறும் வீடுதான், யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். ஸ்மோஷில் ஒருவர் போனார், ஒருவர் நின்றார். அப்போது பார்க்கிறவன் பாதியாகப் பிளக்கிறான். ஒற்றையாக வெளியேறுகிறவருக்குப் பெயரும் இல்லை, கூட்டாளியும் இல்லை.

அதோடு, சொந்தச் சேனல் என்றால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. கோபியும் சுதாகரும் ரசிகர்களிடம் பணம் திரட்டிப் படம் எடுப்பதாக அறிவித்தது எத்தனை ஆண்டு இழுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2024 செப்டெம்பரில் திருப்பதி லட்டு விவகாரத்தை வைத்து எடுத்த காணொளியைத் தாங்களே எடுத்துவிட்டு வருத்தமும் தெரிவிக்க வேண்டி வந்தது. கம்பனி இல்லாவிட்டால் அடி நேரே முதுகில் விழும்.


தட்டிவான் (கரவெட்டி)

ஓணான் தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இணையம் வந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது போல ஒரு தொனி தெரிகிறது. இந்தத் தொழிலுக்கு எங்களிடம் பரம்பரை உண்டு.

எங்கள் கரவெட்டியைச் சேர்ந்த கே. எஸ். பாலச்சந்திரன் 1970களில் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பை மேடையேற்றினார். மேடையில் நிற்பது ஒரே ஒரு பஸ் கண்டக்டர். பயணிகள் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து சில நிமிடத்தில் பஸ் நிறைந்து, மிதிபலகையில் ஆட்கள் தொங்குவார்கள். பிற்பாடு கனடாவில் வாழ்ந்து 2014இல் ரொறன்ரோவில் காலமானார். இன்றைய காணொளிகளில் ஒரே பொடியன் சால்வையை மாற்றி மாற்றிப் போட்டு நாலு பாத்திரம் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். அவருக்குச் சால்வையும் தேவைப்படவில்லை.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு நாங்கள் கசற் கேட்ட விதத்தை இளையவர்கள் நம்ப மாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு முட்டவைத்து, ஒருவன் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவான். பாட்டுக் கசற் என்றால் பரவாயில்லை. பகிடிக் கசற் போட்டால் ஒரு சிக்கல். சுற்றுகிறவனுக்குச் சிரிப்பு வந்தால் கை தளரும். கை தளர்ந்தால் பேசுகிறவரின் குரல் பாதாளத்துக்கு இழுபடும். அதைக் கேட்டு மற்றவர்கள் இன்னும் சிரிப்பார்கள், சுற்றுகிறவன் ஏச்சு வாங்குவான். ஆகவே எங்கள் ஒழுங்கையில் எதற்குமே சிரிக்காத ஒருவனைப் பிடித்துத்தான் சுற்றவிடுவோம். அவனுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இலங்கை வானொலியின் 'கோமாளிகள்' பகிடி நாடகக் கூட்டம் 1976இல் திரைப்படமாகவும் வந்தது. எஸ். ராமதாஸை இன்றுவரை மரிக்கார் ராமதாஸ் என்றுதான் சொல்கிறோம். ராஜகோபால் என்றால் அப்புக்குட்டி ராஜகோபால், செல்வசேகரன் என்றால் உபாலி செல்வசேகரன். பாத்திரத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. வானொலி நிலையமோ படம் எடுத்தவரோ அந்தப் பெயரை உரித்தெடுத்து இன்னொருவர் தலையில் சூட்டியிருக்க முடியுமா? முடியாது. ஸ்மோஷ் என்பது முகம் இல்லாத பெயர், அதனால்தான் அது கைமாறியது. பொடியன்கள் சேனலுக்குப் பெயர் வைக்கும்போது இதை யோசிக்க வேண்டும்.


வேலியோர ஓணான் (கொக்குவில்)

ஐயா, இது எனக்குப் புதுக் கோணம். ஆனால் அந்தக் காலத்துப் பெயருக்கு மாதா மாதம் டொலர் வரவில்லை. அதனால் பறிக்கவும் ஆள் வரவில்லை.


அரைக்கண் கமரா (கோண்டாவில்)

டொலர் என்று யாரோ சொன்னார்கள், அதனால் வந்தேன். கல்யாண வீடு, சாமத்தியவீடு இல்லாத நாட்களில் பகிடிச் சேனல்களுக்குப் படம் பிடித்துக் கொடுக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். அண்மையில் ஒரு குசினிக் காட்சி. அம்மா வேடம் போட்டவர் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டே மகனைத் திட்ட வேண்டும். கமராவை ஓடவிட்டதும் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியது. காத்திருந்து மறுபடி தொடங்கினால் பாண்கார ஓட்டோ தன் இசையோடு வந்து படலையடியில் நிற்கிறது. அது போனதும் காற்று, மைக்கில் புயல் அடிப்பது போலச் சத்தம். கடைசியில் எல்லாம் அடங்கி, அம்மா வேடக்காரர் உச்சக் குரலில் திட்டிக்கொண்டிருக்கையில், வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அம்மம்மா "தம்பி, உப்புப் போடாமல் அரைக்கிறாய்" என்றார். நாங்கள் நிறுத்தவில்லை. அம்மா வேடக்காரர் திட்டுவதை விட்டுவிட்டு, பெட்டிப்பாம்பாக உப்பை எடுத்துப் போட்டார். அந்தக் காணொளியில் அதிகம் சிரிப்பு வாங்கிய இடம் அதுதான். எழுதிவைத்த வசனம் ஒன்றும் அதற்குக் கிட்ட வரவில்லை.

இனிக் காசு. விளம்பர வருமானம் பெற 1000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் 1 கோடிப் பார்வை. நீளக் காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு, குறுங்காணொளியில் ஒதுக்கப்படும் பங்கில் 45 சதவீதம். 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். கொழும்பில் ஒருவர் பார்ப்பதற்கும் சூரிச்சில் ஒருவர் பார்ப்பதற்கும் கிடைக்கும் காசு மலையும் மடுவும். அதனால் இங்கேயுள்ள சேனல்களின் அடுப்பை எரிய வைப்பது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற நம் சனம். 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானமும் வரிக்குள் வந்துவிட்டது. விலக்கு வரம்பு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதைத் தாண்டினால் 15 சதவீதம் வரை. பெரும்பாலான பொடியன்களுக்கு அந்த வரம்பைத் தொடுகிற கவலையே இல்லை என்பது வேறு கதை.

ஓணான் அண்ணை, உங்கள் கதையில் ஒன்று எங்களுக்குப் பொருந்தாது. ஸ்மோஷைப் பிரித்தது கம்பனி. நம் இரட்டையர்களைப் பிரிப்பது விசா. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் எவ்வளவு நல்ல பகிடிகள் வந்தன! வரிசையில் நிற்பதைப் பற்றி வரிசையிலேயே நின்று எடுத்தார்கள். அந்த முகங்களில் எத்தனை இப்போது இங்கே இருக்கின்றன? ஒன்று லண்டன், ஒன்று மொன்றியல், ஒன்று டோகா.

எனக்குத் தெரிந்த ஓர் இரட்டையர், பெயர் வேண்டாம். ஒருவருக்கு இங்கிலாந்துக்கு மாணவர் விசா கிடைத்தது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, வழியனுப்பும்போது அழுதார்கள். பிறகுதான் விளங்கியது. சேனல் கணக்கு போனவரின் மின்னஞ்சலில். உறுதிப்படுத்தும் இலக்கம் வந்து விழுவது அவருடைய இலங்கைச் சிம்முக்கு. அந்தச் சிம் பாவிக்காமல் வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்து செத்துவிட்டது. கைத்தொலைபேசி மாற்றியதும் அவரால் அங்கிருந்து உள்ளே போக முடியவில்லை, இவரால் இங்கிருந்தும் முடியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேனல் பூட்டிய வீடாகிவிட்டது. விற்கவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை, பெயர் போய்விட்டது.


மறுத்தான் (சுன்னாகம்)

விசா வந்தால் போகத்தான் வேண்டும். பகிடி சொல்வதற்காக இங்கேயே இரு என்று எந்தத் தாய் சொல்வாள்? அந்தப் பொடியனுக்கு அங்கே மணித்தியாலத்துக்குக் கிடைக்கிற சம்பளத்தை உங்கள் சேனல் ஒரு மாதத்தில் கொடுக்குமா? இதைத் தொழில் என்று சொல்வதே மிகை. பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.


நெல்லியடிச் சந்தி (நெல்லியடி)

எல்லோரும் இரட்டையர், இரட்டையர் என்கிறீர்கள். அம்மாவின் சோட்டி என்று ஓணான் அண்ணை முதல் வரியிலேயே எழுதியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மா, மாமி, காதலி, வெளிநாட்டு மச்சாள் எல்லாவற்றையும் மீசைக்காரர்களே செய்கிறீர்கள். கீச்சுக் குரலும் இடுப்பில் கையும் வைத்தால் பெண் பாத்திரம் ஆகிவிட்டது. அரைக்கண் கமரா அண்ணையின் கதையில்கூட அம்மா வேடத்தில் ஆண், உண்மையான பெண் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தபோதுதான் பகிடி பிறந்திருக்கிறது.

நான் சில காணொளிகளில் நடித்தவள். எழுதியும் கொடுத்திருக்கிறேன். கீழே வரும் கருத்துகளில் ஆண் நடிகருக்கு "அருமை அண்ணா". எனக்கு "இவளுக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லையா". அம்மாவின் காதுக்கு யார் யாரோ கொண்டுபோனார்கள். என்னோடு நடித்த இன்னொரு தங்கச்சி கல்யாணப் பேச்சு வந்ததும் பழைய காணொளிகளை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். எடுத்தார்களா? ஒன்றுக்கு நல்ல பார்வை இருந்தது, அதை மட்டும் வைத்திருந்தார்கள். முடிவு இரட்டையருடையது, நாங்கள் கேட்டால் "தங்கச்சி, பிறகு பார்ப்போம்".

ஸ்மோஷ் கதையிலும் எனக்கு இதே குறை. 2017 முதல் 2023 வரை அந்தப் பெயர் உயிரோடு கிடந்தது எப்படி? அந்தனி வெளியே போய்விட்டார். டிஃபை மீடியா மூடிய பிறகும் குழு கலையாமல் நின்றது, மிதிக்கல் கைக்குப் போன பிறகும் அதே முகங்கள்தான் வந்தன. 2015 அளவில் சேர்ந்த கோர்ட்னி மில்லர், ஷேய்ன் டொப் போன்றவர்கள்தான் அந்த ஆண்டுகளைத் தாங்கினார்கள். கோர்ட்னி நடிப்போடு நிற்காமல் எழுதினார், இயக்கினார். இரட்டையர் 2023இல் திரும்பி வாங்குவதற்கு ஒரு ஸ்மோஷ் மிச்சம் இருந்தது என்றால், அது இரட்டையர் அல்லாதவர்களால். "மேசையைச் சுற்றிக் கதிரைகள் கூடிவிட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதிரைகளில் இருந்தவர்கள்தான் வீட்டைக் காத்தார்கள்.


வேலியோர ஓணான் (கொக்குவில்)

தங்கச்சி, கதிரைக்காரர்கள் காத்தார்கள் என்பது சரி. ஆனால் 2023இல் இருவரும் திரும்பி வந்து முதலில் செய்தது என்ன? இருவர் மட்டும் எழுதி நடிக்கும் பழைய காட்சிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களின் நிகழ்ச்சிகள் பக்கத்தில் தனித்தனிச் சேனல்களில் ஓடுகின்றன. கூட்டம் வேண்டும், மேசை தனியாகவும் வேண்டும் என்பதுதான் என் பக்கம். அந்தத் தங்கச்சியின் காணொளி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.


ரொறன்ரோ குளிர் (ஸ்காபரோ)

வணக்கம். பார்க்கிற சனத்தின் பிரதிநிதியாக ஒரு வார்த்தை. இங்கே வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்ப்பது உங்கள் காணொளிகளைத்தான். குளிருக்குள் பனிச்சப்பாத்தோடு நின்று, அங்கே ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் ஏச்சு வாங்குவதைப் பார்ப்பதில் உள்ள சுகத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

ஆனால் ஒரு முறைப்பாடு. சேனல் கொஞ்சம் பெருத்ததும் எங்கள் ஊர்க் கடைகள் விளம்பரம் கொடுக்கத் தொடங்குகின்றன. புடவைக்கடை, பலசரக்குக்கடை, வீடு விற்கும் முகவர். முகவர் காசு கொடுத்த நாளிலிருந்து அந்தச் சேனலில் வீட்டு முகவரைப் பற்றிய பகிடி அடியோடு நின்றுவிடுகிறது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரைப் பற்றிய பகிடியும் மெல்ல மென்மையாகிவிடுகிறது. எங்களை வைத்து நன்றாக நக்கலடித்தபோதுதான் நாங்கள் அதிகம் பார்த்தோம் என்பது பொடியன்களுக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. ஸ்மோஷை வாங்கிய கம்பனிக்கு ஒரு பெயராவது இருந்தது. நம் சேனல்களைத் துண்டு துண்டாக வாங்குகிறவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

விசாவால் பிரிந்தால் சேனல் முடிந்தது என்று எடுக்க வேண்டாம். இங்கே ஒருவரும் ஊரில் ஒருவருமாகத் தொலைபேசிக் காட்சிகள் எடுத்துப் பார்க்கலாம். இங்கே கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அம்மா விடியற்காலையில் கோயிலுக்குப் போய்வந்து அழைப்பார், மகன் இங்கே முந்திய நாள் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். "சாப்பிட்டாயா" என்ற கேள்விக்கு எந்த நேரச் சாப்பாட்டைச் சொல்வது என்பதே முழுக் காட்சிக்குப் போதும். படம் பிடிக்க ஆளும் தேவையில்லை. அரைக்கண் கமரா அண்ணை கோபிக்க வேண்டாம்.


அரைக்கண் கமரா (கோண்டாவில்)

கோபம் இல்லை. ஒலியை மட்டும் ஒழுங்காகப் பதிந்து அனுப்புங்கள், வெட்டி ஒட்டுவதற்கு என்னிடம்தான் வர வேண்டும்.


சட்டப்புத்தகம் (யாழ். நகர்)

இழையில் மூன்று நான்கு பேர் தொட்டும் தொடாமலும் விட்டதை எழுதுகிறேன்.

இருவர் சேர்ந்து காசு போட்டு, காசு எடுக்கிறார்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் அது கூட்டுவியாபாரம். மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டிய கூட்டுவியாபாரம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாவுக்கு இன்றைக்கு ஒரு நல்ல மைக்கும் வாங்க முடியாது. ஆகவே நம் ஊரில் வாய்ப்பேச்சில் நடக்கும் எல்லாச் சேனலுமே இந்தக் கோட்டைத் தாண்டியவைதான். பிணக்கு என்று நீதிமன்றத்துக்குப் போனால் "நாங்கள் பங்காளிகள்" என்று நிறுவக் கையில் ஒரு தாள் வேண்டும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். ஆனால் அது பெயருக்குச் சொந்தம் கொண்டாடும் உரிமை ஆகாது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். தட்டிவான் ஐயா சொன்ன மரிக்கார், உபாலி போன்ற பெயர்களுக்கு ஊர் நினைவே பதிவேடாக இருந்தது. நிறுவனம் ஒன்று வாங்க வரும்போது ஊர் நினைவைக் காட்ட முடியாது.

சேனலை ஒருவரின் சொந்தக் கணக்கில் திறக்காமல் பிராண்ட் கணக்காகத் திறந்தால் இருவரையும் உரிமையாளராகச் சேர்க்கலாம். ஆனால் முதன்மை உரிமையாளர் ஒருவர்தான், விளம்பரக் காசு வந்து சேரும் கணக்கும் ஒருவர் பெயரில்தான். ஆகவே அந்தக் காசு எந்தத் தேதிக்குள் எப்படிப் பிரியும் என்பதையும், ஒருவர் நாட்டைவிட்டுப் போனால் என்ன என்பதையும் தாளில் எழுத வேண்டும். நெல்லியடித் தங்கச்சி சொன்னதையும் சேருங்கள். நடித்தவர் கேட்டால் காணொளி எந்த நிபந்தனையில் நீக்கப்படும் என்று ஒரு வரி.

2024 பெப்ரவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பகிடிக்குச் சொன்னேன் என்பது எப்போதும் தப்பும் வழி ஆகாது. ஒரு காணொளிக்கு விசாரணை வந்தால் யார் போய் நிற்பது, செலவு யாருடையது என்பதையும் எழுதி வைப்பது நல்லது. பெரும்பாலும் முகம் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள், எழுதியவர் வீட்டில் இருப்பார்.


மறுத்தான் (சுன்னாகம்)

பகிடி சொல்ல வந்த பொடியன்களுக்கு இவ்வளவு தாள் என்றால் அவர்கள் பேசாமல் கச்சேரியில் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.


மூன்றாம் ஒழுங்கை (திருநெல்வேலி)

வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் கணக்குத் திறந்தேன். நானும் என் கூட்டாளியும் ஒரு சேனல் நடத்துகிறோம். நான் எழுதுகிறேன், வெட்டி ஒட்டுகிறேன், கணக்கையும் பார்க்கிறேன். அவன் நடிக்கிறான். நானும் நடிக்கிறேன், ஆனால் பஸ்ஸில் சனம் அடையாளம் கண்டு செல்பி எடுப்பது அவனோடுதான். நான்தான் அந்த செல்பியை எடுத்துக் கொடுக்கிறவன்.

இப்போது லண்டனில் இருந்து ஒருவர் கதைக்கிறார். சேனலைத் தன் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினால் இருவருக்கும் மாதச் சம்பளம் தருவாராம், புதுக் கமராவும் வருமாம். கூட்டாளிக்கு ஆசை. எனக்கு இந்த இழையை வாசித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு கேள்வி. சம்பளத்தை எடுப்பதா? எடுக்காவிட்டால் எங்களுக்குள் பாதிப் பாதியா, வேலைக்கு ஏற்பவா?


சட்டப்புத்தகம் (யாழ். நகர்)

தம்பி, அவர் பெயருக்கு மாற்றினால் பிறகு நீங்கள் உங்கள் சேனலில் ஊழியர். விருப்பம் என்றால் உரிமத்துக்கு மட்டும் இணங்குங்கள். இத்தனை ஆண்டுக்கு விளம்பரம் பிடிக்கும் உரிமை அவருக்கு, பெயரும் காணொளிகளும் உங்களுக்கு. அதை அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், வாங்க வந்தது உங்கள் உழைப்பை அல்ல, பெயரை.


நெல்லியடிச் சந்தி (நெல்லியடி)

பாதிப் பாதியாக எடுங்கள். ஆனால் எழுதுகிறவருடைய பெயர் ஒவ்வொரு காணொளியிலும் வர வேண்டும். பிரிய நேர்ந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது அதுதான். அவருக்கு முகம் இருக்கிறது.


வேலியோர ஓணான் (கொக்குவில்)

வேலைக்கு ஏற்பப் பங்கு என்று தொடங்கினால் மாதா மாதம் யார் அதிகம் உழைத்தது என்ற கணக்கு வரும். எழுதுகிற நேரம் அதில் போய்விடும். தங்கச்சி சொன்னதுதான் சரி.


அரைக்கண் கமரா (கோண்டாவில்)

தம்பி, தாள் எழுதுவது அடுத்த கிழமை நடக்கட்டும். இன்றைக்கே கணக்குக்குள் போய் இருவருடைய இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். இலக்கம் வராவிட்டால் உள்ளே போக உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து இரண்டு வீட்டிலும் வையுங்கள். லாச்சிக்குள் அல்ல.


மூன்றாம் ஒழுங்கை (திருநெல்வேலி)

எல்லோருக்கும் நன்றி. இலக்கம் சேர்த்தாயிற்று. கூட்டாளியிடம் இழை முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். லண்டன்காரருக்கு இல்லை என்று சொல்லச் சம்மதித்துவிட்டான். பாதிப் பாதிக்கும் சம்மதம். தட்டிவான் ஐயா எழுதியதை மட்டும் இரண்டு தடவை வாசித்தான். இப்போது சேனலுக்கு எங்கள் பெயரையே வைக்க வேண்டும் என்கிறான். தன்னுடையது முன்னால் வர வேண்டுமாம்.